துவக்குக்கு வார் தைக்கிறவன்

என் பெயர் தம்பித்துரை இரவீந்திரன். வயது இருபத்துமூன்று. சுவிற்சர்லாந்தில் கூர் என்ற நகரத்தில், ரெயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள வீடொன்றின் மேல்மாடி அறையில் இருந்து இந்த ஒலிப்பதிவுக் கசற்றில் பேசுகிறேன். இது எண்பத்தாறாம் ஆண்டு, செப்ரெம்பர் மாதம். இந்த நாட்டில் அகதியாகப் பதிந்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

ஜெயகௌரி அக்கா, இந்தக் கசற்றை லோயரின் கந்தோரில் தட்டச்சில் இறக்கி, சிங்களத்தில் மாற்றி இராணுவ முகாமில் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். அதனால்தான் பெயரையும் வயதையும் சொல்லித் தொடங்கினேன். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் கட்டுரை வாசிப்பதுபோலப் பேசுகிறேன். வழக்கம்போலக் கதைத்தால் நடுவில் அழுதுவிடுவேன் என்று பயமாகவும் இருக்கிறது. தட்டச்சு செய்கிறவர் வேண்டாததை விட்டுவிடலாம். ஆனால் அப்பா இருக்கும்போது முழுவதையும் ஒருமுறை போடுங்கள். அவர் எழும்பி வெளியே போனால் சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.

தம்பி தவச்செல்வன் கொழும்புக்கு வரும் வழியில் இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸில் இருந்து இறக்கப்பட்டான். அவனுடைய பேர்சுக்குள் என் படம் ஒன்று இருந்தது. அந்தப் படத்தில் நான் தோளில் துவக்குடன், நீளத் துப்பாக்கி ஒன்றுடன், நிற்கிறேன். அதற்காகத்தான், நான் ஆயுத இயக்கத்தில் இருப்பவன் என்று நினைத்து, அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துவக்கு எப்படி என் தோளுக்கு வந்தது என்று சொல்வதற்கே இந்தக் கசற்.

நான் ஹோட்டலில் வேலை செய்வதாக உங்களுக்கு எழுதியது முதலில் உண்மைதான். வந்த ஆண்டு ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினேன். மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் வரை இங்கே ஹோட்டல்காரருக்கு ஓய்வு. அந்த நேரத்தில் அறையில் படுத்தால் ஊர் யோசனை வரும். அதனால் தெருத்தெருவாக நடப்பேன். ஒருநாள் என் தோள்பையின் வார் அறுந்துபோனது. பழைய பட்டணத்துக்குள் ஒரு ஒழுங்கையில் குதிரைச் சேணம் தொங்கிய கடை ஒன்றைக் கண்டு உள்ளே போனேன்.

கடைக்காரி பெயர் திரேசா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். தகப்பன் நோயில் விழுந்தபிறகு கடையைத் தனியே நடத்துகிறாள். அவள் பேசும் டொச்சு, அதாவது ஜேர்மன் மொழி, இந்த மலைப்பக்கத்து டொச்சு. அதை நான் நம்முடைய தமிழிலேயே சொல்கிறேன். அவள் பையை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு ஊசியையும் நூலையும் என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு நேரமில்லை. உனக்கு ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு? நீயே தை."

நான் தைத்தேன். அவள் பார்த்தாள்.

"கோணல்தான். ஆனால் பொறுமை இருக்கு. நாளைக்கும் வா."

அப்படித்தான் தொடங்கியது. ஹோட்டலில் பருவம் முடிந்து எங்களை நிறுத்தியபோது அவளே என்னைக் கேட்டாள். வசந்தகாலத்தில் இங்கே ஊருக்கு ஊர் சுடும் போட்டி நடக்கும். எல்லாரும் துவக்கு வாரைப் புதுப்பிக்க வருவார்கள். அவளுக்கு ஒரு கை தேவையாக இருந்தது.

இதைச் சிங்களத்தில் மாற்றுகிறவர் கவனமாக எழுதவேண்டும். இந்த நாட்டில் இராணுவப் பயிற்சி முடித்த ஆண்கள் துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அது அலுமாரிக்குள் குடைகளுக்குப் பக்கத்தில் நிற்கும். சனிக்கிழமைகளில் ரெயிலில் என் எதிரே இருப்பவன் முழங்கால்களுக்கு நடுவே துவக்கை வைத்துக்கொண்டு அப்பிள் கடிப்பான். யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை. நானும் இப்போது பார்ப்பதில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

முதலில் திரேசா தந்தது கழிவுத்துண்டுகள். மலையில் வேட்டைக்குப் போகிறவர்கள் துவக்கின் வாய்க்குள் மழையும் மண்ணும் போகாதபடி சின்னத் தோல்மூடி ஒன்று போடுவார்கள். பெருவிரலில் போடும் உறைபோல இருக்கும். தோலைத் தண்ணீரில் நனைத்து, ஒரு தடியின் நுனியில் இழுத்துக் கட்டிக் காயவிட்டு, பிறகு தைக்கவேண்டும். நான் செய்த முதலாவதை அவள் விரல் நுனியில் மாட்டி ஆட்டினாள்.

"இது துவக்குக்குத் தொப்பியோ, நரிக்குச் சப்பாத்தோ?"

"நரிக்கு நாலு வேணும். இன்னும் மூண்டு செய்யட்டோ?"

அவள் சிரித்தாள். இந்த நாட்டில் நான் சொன்ன ஒரு கதைக்கு ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அறைக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மூடி சரியாக வந்தபிறகு வார். பார்க்க நீளமான பட்டி, அவ்வளவுதான். ஆனால் என் முதல் வாரை மாட்டின் வயிற்றுப்பக்கத் தோலில் வெட்டிவிட்டேன். அது மென்மையாக இருந்தது, வெட்டச் சுகமாக இருந்தது. திரேசா அதன் நுனியில் இரும்புக்கட்டி ஒன்றைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டாள். அடுத்த நாள் வந்து பார்த்தால் வார் ஒரு சாண் நீண்டு, நடுவில் மெலிந்துபோய் நின்றது.

"முதுகுத் தோல்தான் பாரம் தாங்கும். வயிறு இழுபடும். எங்களுக்கும் அப்படித்தானே," என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய ஒரு நூலின் இரண்டு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இருபக்கமும் மாறி மாறி விடவேண்டும். தோலை அசையாமல் பிடிக்க மரக்கிடுக்கி ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு இருப்போம். கடைசியில் விளிம்பை ஈரப்படுத்தி எலும்பால் தேய்த்தால் கண்ணாடிபோல வரும். மாட்டுத் தோல், மாட்டு எலும்பு. முதல் நாட்கள் சாப்பிட மனம் வரவில்லை. பிறகு பழகிவிட்டது. அக்கா, சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, நேரான ஒரு தையல் வரிசையைப் பார்க்கும்போது மனம் அடங்கும். பொலிசுக் கந்தோரையும், வராத முடிவையும், ஊர்ச் செய்தியையும் அந்த நேரத்தில் நான் நினைப்பதில்லை.

ஆனால் தோலுக்குப் பழகிய அளவு வேகமாகத் துவக்குக்குப் பழகவில்லை. முதல் முறை ஒருவன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தபோது நான் பின்கதவால் ஓடிவிட்டேன். முற்றத்தில் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தேன். திரேசா வந்து கண்டுபிடித்தாள்.

"ரவி, என்ன இது? அவன் ரேட்டோ. மாடு வளர்க்கிற பெடியன். பாவம், நீ ஓடினதைப் பார்த்து அவன்தான் பயந்துபோனான்."

"எங்கடை ஊரிலை துவக்கோடை வாறவன் வார் தைக்க வாறதில்லை."

அவள் சிரிக்க வாயெடுத்தாள், நான் குப்பைத் தொட்டியை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பில் எங்களைச் சந்தியில் வெயிலில் முழங்காலில் நிறுத்திய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். தவமும் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தான். அவனுக்கு அப்போது மீசைகூட வரவில்லை.

அந்த ரேட்டோ நல்ல பெடியன். தகப்பனுடைய பழைய மரப்பிடித் துவக்குக்கு வார் கேட்டு வந்திருந்தான். நான் திரும்பி உள்ளே வந்தபோது, சுடும் பகுதியை முழுவதும் இழுத்துக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக் காட்டினான்.

"இனி இது வெறும் தடி," என்றான். "இதாலை நாயைக்கூட கலைக்க ஏலாது."

அந்த வாரை நான் தனியே செய்தேன். முதுகுத் தோலில் வெட்டினேன். அவசரப்படாமல் தைத்தேன். முதன்முதலாகத் திரேசா திருத்தாமல் விட்ட வேலை அது. ஒரு சனிக்கிழமை காலை ரேட்டோ எடுக்க வந்தான். வாரை மாட்டியதும் நீளம் பார்க்கவேண்டும். அதற்கு ஒருவர் தோளில் போட்டு நிற்க, மற்றவர் விலகி நின்று பார்க்கவேண்டும்.

"நீயும் நானும் ஒரே உயரம்," என்று ரேட்டோ அன்றைக்கும் சுடும் பகுதியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத் துவக்கை என் தோளில் போட்டான். இந்தமுறை நான் ஓடவில்லை. வார் தோளில் பொருந்தி இருந்தது. நான் தைத்த வார்.

அந்த நேரம் பார்த்துக் குகநாதன் அண்ணை கடைக்கு வந்தார். அவர் என் அறையில் இருப்பவர், பக்கத்து ஊர்க்காரர், ஹோட்டலில் இன்னும் சட்டி கழுவுகிறார். நான் தோல் வேலைக்குப் போகத் தொடங்கியதில் இருந்து அவருக்கு முகம் சரியில்லை.

"உந்தக் கையாலை சோத்துப் பானையைத் தொடாதையடா," என்பார். "சட்டி கழுவினாலும் ஹோட்டல் உத்தியோகம் எண்டு ஊருக்கு எழுதலாம். உதுக்கு என்னெண்டு பேர் எழுதுறது?"

பகிடியாகத்தான் சொல்வார். ஆனால் நான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பானைப் பக்கம் போவேன். உங்களுக்கும் அதனால்தான் தோல் வேலை என்று எழுதவில்லை.

அன்றைக்கு அவரிடம் புதிதாக வாங்கிய கமரா இருந்தது. என்னைத் துவக்குடன் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எம்ஜியார் தோத்தார்! நில்லடா, ஒரு படம் எடுப்பம்."

நான் வேலை மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். தோல் ஏப்ரன் கட்டியிருந்தேன். மேசையில் குத்தூசியும் நூல்பந்தும் வெட்டிய தோலும் கிடந்தன. கமராவை வைத்துப் பார்த்த குகநாதன் அண்ணை தலையை ஆட்டினார்.

"உந்த ஏப்ரனைக் கழட்டு. தோல் சக்கையெல்லாம் தெரியுது. கொப்பர் பாத்தால் நெஞ்சு வெடிச்சுப் போவார். மேசையை விட்டு வெளியிலை வா. அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னாலை நில். பின்னுக்கு மலை தெரியும்."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவினேன். முற்றத்துக்கு வந்தேன். வெள்ளைச் சுவர், மேலே மலை, மலையில் இன்னும் உருகாத பனி, நல்ல சேர்ட், தோளில் துவக்கு. கலர்ப்படம் மிக வடிவாக வந்தது.

'அண்ணை, சும்மா விறைச்சுப்போய் நிண்டு எடுக்காதை, ஸ்டைலாய் ஒண்டு எடுத்து அனுப்பு' என்று தவம் எழுதிக்கொண்டே இருந்தான். அவனுக்குத்தான் அனுப்பினேன்.

ஐயா, இதை வாசிக்கும் அதிகாரி ஐயா, நீங்கள் அந்தப் படத்தில் தேடியது எல்லாம் அந்தப் படத்துக்கு வெளியே இருந்தது. நான் என்ன வேலை செய்கிறவன் என்று காட்டும் ஒவ்வொரு பொருளும் கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. ரேட்டோவின் சட்டைப்பைக்குள் இருந்த இரும்பும் படத்தில் விழவில்லை. ஒருவரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தோல் தைக்கிறவன் என்று ஊரில் தெரியக்கூடாது என்ற வெட்கத்தில் நாங்களே ஒவ்வொன்றாக அகற்றினோம். மிஞ்சியது ஒரு தமிழ்ப் பெடியனும் ஒரு துவக்கும்தான்.

தவத்தைப் பிடித்த செய்தி ஓகஸ்ற்றில் வந்தது. அக்கா, அப்பாவும் நீங்களும் கொழும்பில் லொட்ஜில் நிற்பதாகவும், அப்பா முகாமுக்குப் போய்வந்ததாகவும் தெரிந்து, தபால் கந்தோரில் இருந்து ரெலிபோன் எடுத்தேன். முதலில் நீங்கள்தான் பேசினீர்கள். முகாமில் நடந்ததைச் சொன்னீர்கள். மூத்த மகனுக்கு அங்கே என்ன வேலை என்று அதிகாரி கேட்டாராம். ஹோட்டலில் வேலை என்று அப்பா சொன்னாராம். ஹோட்டல்காரனுக்கு ஏன் துவக்கு என்று கேட்டதற்கு அப்பாவிடம் பதில் இல்லையாம். எப்படி இருக்கும்? அவருக்கே தெரியாது. 'யோசிச்சுக்கொண்டு வா' என்று அனுப்பிவிட்டார்களாம். பிறகு அப்பா ரிசீவரை வாங்கினார்.

"அப்பா, நான் ரவி."

"நீ இயக்கத்துக்குப் போனனியோ? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லு. நான் ஏச மாட்டன்."

"இல்லை அப்பா. சத்தியமாய் இல்லை."

"அப்ப உது ஆற்றை துவக்கு?"

"ஒரு மாட்டுக்காரப் பெடியன்ரை. வார் தைக்கக் கொண்டுவந்தவன்."

"ஹோட்டலிலை ஏன் வார் தைக்கிறாங்கள்?"

"நான் இப்ப ஹோட்டலிலை இல்லை அப்பா. தோல் வேலை செய்யிறன். தைக்கிறன்."

அவர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"என்ன தோல்?"

"மாட்டுத் தோல் அப்பா."

"உவள் கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரிய வேண்டாம்." அவர் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் யாருக்கோ கேட்கக்கூடாது என்பதுபோலப் பேசினார். "இஞ்சை பார் மோனை. நான் ஒண்டு யோசிச்சிருக்கிறன். நீ அங்கை ஒரு பெரிய கொம்பனியிலை செக்கியூரிற்றி எண்டு சொல்லுவம். கௌரவமாயும் இருக்கும், துவக்குக்கும் பொருந்தும்."

"ஐயோ அப்பா, செக்கியூரிற்றி எண்டால் எனக்குச் சுடத் தெரியும் எண்டு ஆகும். ஆர் பழக்கினது, எங்கை பழகினது எண்டு கேப்பாங்கள். தவத்தைப் போட்டு அடிச்சுக் கேப்பாங்கள்."

"அப்ப நான் என்னத்தைச் சொல்ல? அந்த வாசலிலை நிக்கிறது ஆர் எண்டு நினைக்கிறாய்? எங்கடை ஊர்ச் சனம். ஊர் அதிகாரி விதானையும் வந்து நிக்கிறார். பேரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் கேக்கத்தான் விசாரிக்கிறாங்கள். அவையளுக்கு முன்னாலை, தம்பித்துரை தபால் மாஸ்ரர்ரை மோன்..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. கோடு அறுந்தது. நான் திரும்ப எடுத்தபோது அக்கா, நீங்கள்தான் எடுத்தீர்கள்.

"அப்பா கட்டிலிலை போய்ப் படுத்திட்டார். ரவி, நீ உண்மையைக் கசற்றிலை பேசி அனுப்பு. லோயர் அதைத்தான் கேக்கிறார். என்ரை கலியாணக் கதையை நினைச்சு ஒண்டையும் மறையாதை. தோல் வேலை எண்டு கேட்டு விலகிப் போற மாப்பிள்ளை ஆக்கள் போகட்டும்."

நீங்கள் அழாமல் சொன்னீர்கள். நான்தான் தபால் கந்தோர் ரெலிபோன் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று அழுதேன். வெளியே ஒரு கிழவி தன் முறைக்குக் காத்து நின்றாள். கதவைத் திறந்து எனக்குக் கண் துடைக்க ஒரு பேப்பர் லேஞ்சி தந்துவிட்டுத் திரும்பவும் வரிசையில் போய் நின்றாள்.

அப்பா, இனி உங்களுக்குச் சொல்கிறேன். நம்முடைய பஸ் நிலையத்தில் ஆலமரத்தடியில் ஒருவர் செருப்புத் தைத்துக்கொண்டிருப்பார். உங்கள் செருப்பு வார் அறுந்தால் அதைக் காலாலேயே அவர் பக்கம் தள்ளிவிடுவீர்கள். காசை அவர் கையில் கொடுக்கமாட்டீர்கள். கல்லின்மேல் வைப்பீர்கள். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அவரும் ஒரு நூலில் இரண்டு ஊசி கோத்துத்தான் தைத்தார். இங்கே கிடுக்கியை இறுக்கிக்கொண்டு இருக்கும்போது அவருடைய கை ஞாபகம் வருகிறது. உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நீங்கள் வாயால் சொல்லமுடியாமல் நிற்பது எது என்று எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். அதே வாயடைப்புத்தான் அந்தப் படத்தை எடுத்தது.

திரேசாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது. ஒரு படத்துக்காகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு ரேட்டோவைக் கூப்பிட்டு அனுப்பினாள். இப்போது வேட்டைக் காலம், கடை நிறைய ஆட்கள். அவனுக்கும் மலையில் இருந்து மாடுகளை இறக்கும் காலம். ஆனாலும் பால் கறந்த உடுப்புடனேயே துவக்கைக் கொண்டு வந்தான்.

குகநாதன் அண்ணையும் கமராவுடன் வந்தார். செய்தி வந்ததில் இருந்து அவர் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. என் சோற்றையும் அவரே சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவார். நான் ஆணியில் இருந்த ஏப்ரனை எடுத்துக் கழுத்தில் போட்டேன். பின்னால் முடிச்சுப் போடக் கையைக் கொண்டுபோனேன். அவர் வந்து கையைத் தட்டிவிட்டுத் தானே கட்டினார்.

"இறுக்கிக் கட்டியிருக்கிறன்," என்றார். "இனி ஒருத்தன் கழட்டு எண்டாலும் கழட்டாதை."

இந்தமுறை மேசையோடு எடுத்தோம். குத்தூசி, நூல்பந்து, கிடுக்கி, வெட்டிய தோல் எல்லாம் தெரிகின்றன. துவக்கு மேசையில் படுத்திருக்கிறது. அதன் சுடும் பகுதி தனியே கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. நான் வாரைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். ரேட்டோவும் திரேசாவும் எனக்கு இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். கடையின் பெயர்ப்பலகையும் ஒரு படத்தில் விழுந்திருக்கிறது. நான் அவளிடம் வேலை செய்வதாகத் திரேசா எழுதிக் கையெழுத்திட்ட தாளும் கூட இருக்கிறது.

என் கையால் தைத்த ஒன்றையும் அனுப்ப நினைத்தேன். வார் ஒன்றைச் சுருட்டிப் பொதிக்குள் வைத்தேன். குகநாதன் அண்ணை அதை வெளியே இழுத்துப் போட்டார்.

"உனக்கென்ன விசரே? துவக்குச் சாமான் ஒண்டை அனுப்பி அப்பனையும் உள்ளை தள்ளப் போறியோ?"

அவர் சொன்னது சரி. இங்கே இருந்து இருந்து எனக்கு எது ஆபத்து என்பதே மறந்துபோகிறது. அதனால் அந்த வார் வெட்டிய அதே முதுகுத் தோலில் ஒரு கண்ணாடிக் கூடு தைத்தேன். அப்பா, உங்கள் மூக்குக்கண்ணாடிக்கு. படத்தில் உள்ள வாரின் தையலும் கூட்டின் தையலும் ஒன்றுதான். யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அளவு தெரியாமல் நினைவில் இருந்து செய்தேன். கொஞ்சம் பெரிதாக இருக்கலாம்.

கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் இந்தக் கசற்றையும் படங்களையும் கூட்டையும் கொடுத்துவிடுகிறேன். அவர் லொட்ஜுக்கே கொண்டுவந்து தருவார். படங்கள் முதலில் லோயரின் கையில் இருக்கட்டும். நீங்கள் ஒருவரும் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம்.

அக்கா, அம்மாவுக்கு இந்தக் கசற்றைப் போடவேண்டாம். தவம் வந்தபிறகு நானே அவவுக்குச் சொல்கிறேன். தவம் என்ன சாப்பிடுகிறான், படுக்க என்ன இருக்கிறது, அவனை அடித்தார்களா என்று நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. அவன் என்மேல் கோபமாக இருக்கிறானா என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இதை வாசிக்கும் அதிகாரி ஐயா, தவச்செல்வன் ஒரு துவக்கையும் தொட்டவன் அல்ல. தமையனின் வடிவான படம் ஒன்றைப் பேர்சுக்குள் வைத்திருந்தான், அவ்வளவுதான். அவனை விடுங்கள்.

அப்பா, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்தமுறை அந்த வாசலில் பேரைக் கூப்பிடும்போது, அந்தக் கூட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். விதானையார் நிற்கட்டும், ஊர்ச்சனம் நிற்கட்டும். மூத்த மகனுக்கு என்ன வேலை என்று கேட்டால் அதைக் கையில் எடுத்துக் காட்டி, என் மகன் தோல் தைக்கிறவன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.